துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் சாமியைப் பற்றி எப்படிப் பேசுவது

முதலில் எதுவும் சொல்லாமல் இருங்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கிறது, 14, 15 வயதுப் பிள்ளை ஒன்று மூலையில் ஃபோனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஏதாவது ஆறுதல் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தொண்டை வரை வருகிறது. அந்த நேரத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேர் கைக்கு எட்டிய சாமியைத்தான் பிடித்து இழுத்துவிடுகிறோம். "நல்லவங்களை ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்." "எல்லாம் அவன் சித்தம்." "அழாதே, நீ அழுதா அப்பா ஆத்மா சாந்தியடையாது." சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். அது அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்பது வேறு கதை.

எனக்கு 15 வயதில் அம்மா போனார். ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் நான் தூங்கப்போகும் முன் கணக்கு வைத்து வேண்டிக்கொண்டேன், ஒருநாள் அசதியில் தூங்கிப்போனேன், அதற்கடுத்த இரண்டாம் நாள் அவர் இறந்துவிட்டார். துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், "முழு நம்பிக்கையோட கேட்டிருந்தா கொடுத்திருப்பாரு" என்று பொதுவாக, யாரையும் பார்க்காமல், சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது மறந்தே போயிருக்கும். நான் அந்த ஒரு இரவைப் பத்து வருஷம் சுமந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், அதனால்தான் இதில் கொஞ்சம் கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்தி இருந்தால் பிள்ளை சீக்கிரம் தேறிவிடுமா? இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பதில் கிடையாது. கென்னத் பர்கமன்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருஷம் இதையே ஆராய்ந்தவர். இடி விழுந்தமாதிரி ஒரு துன்பம் வரும்போது மனிதர்கள் மதத்தை இரண்டு விதமாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் பிரித்துக் காட்டினார். கடவுள் என்னோடு இருக்கிறார், இதை நான் தனியாகச் சுமக்கவில்லை என்று பிடித்துக்கொள்வது ஒன்று. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார், என் பக்தி போதவில்லை என்று பிடித்துக்கொள்வது இன்னொன்று. இதை அளக்க அவர் உருவாக்கிய சிறிய வினாப்பட்டியலில் முதல் வகைக்கு 7 வரிகள், இரண்டாம் வகைக்கு 7 வரிகள். 2005-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதேதான் தெரிந்தது: முதல் வகையில் இருப்பவர்கள் ஓரளவு நன்றாகத் தாங்குகிறார்கள், இரண்டாம் வகையில் இருப்பவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதல். எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் மனசுக்குக் கடவுளும் கோபக்காரராகத்தான் தெரிவார் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நமக்கு வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. பிள்ளைக்குப் பக்தி இருக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அதன் தலைக்குள் இப்போது உட்கார்ந்திருக்கும் கடவுள் துணைக்கு வந்தவரா, பிரம்போடு வந்தவரா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் தவறாமல் கும்பிடும் பிள்ளைக்குள்ளும் பிரம்பு இருக்கலாம்.

இந்த வயசு ஏன் இவ்வளவு சிக்கல்

ஐந்து வயதுக் குழந்தையிடம் பாட்டி சாமிகிட்டப் போயிட்டாங்க என்றால், எப்போ திரும்பி வருவாங்க என்று கேட்கும். பதினைந்து வயசு அப்படி இல்லை. சாவு என்றால் திரும்பாதது என்று அதற்கு நன்றாகத் தெரியும், அதோடு அந்த வயதில்தான் மூளை பெரிய பெரிய கேள்விகளைக் கேட்கவும் பழகுகிறது. நல்லவருக்கு ஏன் கெட்டது நடக்கிறது, கேட்டால் கொடுப்பவர் என்றால் ஏன் கொடுக்கவில்லை, அவர் இருக்கிறாரா இல்லையா. ஜேம்ஸ் ஃபவ்லர் என்ற அமெரிக்க இறையியலாளர் 1981-ல் மனிதர்களின் நம்பிக்கை எப்படி வளர்கிறது என்று படிநிலையாக எழுதியபோது, பதின்வயதில் பெரும்பாலும் சுற்றி இருப்பவர்களின் நம்பிக்கையையே தன்னுடையதாக வைத்துக்கொண்டிருப்போம், அதைத் தனியே எடுத்துப் புரட்டிப் பார்ப்பது பிற்பாடுதான் என்றார். சாவு அந்தப் பிற்பாட்டை அவசரமாக முன்னால் இழுத்துப் போட்டுவிடுகிறது. யாரிடமிருந்து அந்த நம்பிக்கையை வாங்கினதோ, அந்த ஆளே சில சமயம் செத்துப்போனவராக இருக்கிறார். சாமி கும்பிடக் கற்றுக்கொடுத்த அம்மா இல்லாமல் சாமியறைக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இந்த வயசில் துக்கம் துக்கம் மாதிரியே இருக்காது. எரிச்சலாக இருக்கும், கதவை அறைந்து சாத்துவதாக இருக்கும், பகலெல்லாம் தூக்கமாக இருக்கும், நண்பர்களோடு கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு இரவில் குளியலறையில் அழுவதாக இருக்கும். சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து "அதுக்கென்ன, மறந்துடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். நெஞ்சில் ஈரமே இல்லை என்று திட்டவும் செய்யாதீர்கள், அதைவிடக் கொடுமை கிடையாது.

கேட்கும் வேலை

நேருக்கு நேர் உட்காரவைத்து "உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று ஆரம்பித்தால் "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடம் நல்லது. வண்டியில் போகும்போது, நடக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, இருட்டில் மொட்டை மாடியில். அங்கே உங்கள் கதையைச் சும்மா போடுங்கள்: "எனக்கு அப்போ சாமி மேல பயங்கர கோபம் வந்துச்சு, உனக்கு எப்படி?" கோபம் என்ற வார்த்தையை நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும், அது பாவம் என்று அதுவரை அது நினைத்துக்கொண்டிருந்திருக்கும்.

பதில் வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய வரிகள் சில இருக்கின்றன. "நான் அன்னிக்கு வேண்டிக்கல." "நான் செஞ்ச தப்புக்குத்தான் இது." "காலையில சண்டை போட்டுட்டுப் போனேன்." "அவருக்கு எங்களைப் பிடிக்கல." இவற்றில் எது வந்தாலும் உடனே "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று மூடிவிடாதீர்கள். மூடினால் அதோடு சரி, அந்த வரி திரும்ப வெளியே வராது, உள்ளே போய் முளைவிடும். கொஞ்சம் திறந்து விடுங்கள். "ஒரு நாள் வேண்டிக்காததுக்கு ஒரு ஆளையே எடுத்துக்கிற சாமியை நீ நம்புறியா?" என்று கேட்கலாம், ஆனால் வக்கீல் குரலில் கேட்கக் கூடாது, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். எந்த நோயால், எப்படி இறந்தார் என்ற மருத்துவ விவரத்தைப் பிள்ளைக்குப் புரியும்படி ஒருதடவை முழுசாகச் சொல்லிவிடுவதும் இங்கே பெரிய உதவி. காரணம் தெரியாத இடத்தைத்தான் குற்ற உணர்ச்சி போய் நிரப்பிக்கொள்கிறது. எனக்கு அம்மாவின் நோய் என்ன, அது எவ்வளவு முற்றியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. 25 வயதில் ஒரு பழைய கோப்பைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன், நான் தூங்கிப்போன அந்த இரவுக்கு வெகு முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்று.

"கடவுள் ஏன் இப்படிப் பண்ணார்?" என்று நேராகவே கேட்டால்? தெரியாது என்று சொல்லுங்கள். "எனக்குத் தெரியல, நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்." பெரியவர் ஒருவர் தெரியாது என்று சொல்லியும் தொடர்ந்து கும்பிடுகிறார் என்பதைப் பிள்ளை பார்த்தாலே போதும், அது ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

கோபப்பட இடம் கொடுங்கள்

சாமியைத் திட்டினால் நாக்கு அழுகிவிடும் என்று பயமுறுத்தும் பெரியவர்களுக்கு அவரவர் வேதமே பதில் சொல்லும். பைபிளில் யோபு எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருக்கிறார், மூன்று நண்பர்கள் வருகிறார்கள், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், காரியம் கெட்டது. கடைசியில் கடவுளின் கோபம் யார் மேல் பாய்கிறது? கத்திச் சண்டை போட்ட யோபு மேல் இல்லை, அந்த விளக்கக்காரர்கள் மேல். அதே பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றே ஒரு பாட்டு தொடங்குகிறது. நம் சுந்தரர் கண் பார்வை போன கோபத்தில் சிவனையே பார்த்து "வாழ்ந்து போதீரே" என்று பாடியிருக்கிறார், நல்லா இருங்கய்யா என்று நாம் வயிற்றெரிச்சலில் சொல்வோமே, அதே தொனி. அதைத் தேவாரத்தில் வைத்துத்தான் பாடுகிறோம்.

அழுகைக்கும் இதே கதைதான். கீதையைக் காட்டி, ஞானிகள் இறந்தவருக்காக வருந்துவதில்லை என்று பிள்ளையின் கண்ணைத் துடைக்க வருவார்கள். அது போர் தொடங்கும் முன் ஒரு போர்வீரனிடம் சொன்னது. அதைக் கேட்ட அதே அர்ஜுனன் சில நாளில் அபிமன்யு செத்தபோது கதறினான், கண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். இயேசு லாசருவின் கல்லறைக்கு வந்தபோது கண்ணீர் விட்டார். நபிகள் நாயகம் தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அழுதார், நீங்களுமா என்று கேட்ட தோழரிடம் இது இரக்கம் என்றார். கிசா கோதமி செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது புத்தர் அநித்தியம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை, சாவே விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்று வீடு வீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் அவளுக்குக் கடுகுக்குப் பதில் இன்னொரு துக்கக்காரர் கிடைத்தார்.

இந்தக் கடைசிக் கதை வெறும் கதை இல்லை, வழிமுறை. பிள்ளையை வேறு ஒரு பிள்ளையிடம் சேர்த்துவிடுங்கள், அப்பாவையோ அண்ணனையோ இழந்து ஒன்றிரண்டு வருஷம் ஆன, அதே வயதை ஒட்டிய ஒருவரிடம். வகுப்பிலேயே தான் ஒருத்திக்கு மட்டும்தான் அம்மா இல்லை என்கிற கூச்சம் இந்த வயதில் சாமிக் கேள்வியைவிடப் பெரியது. மதக் கூட்டங்களால் கிடைக்கும் நன்மையிலும் பெரிய பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்: வாராவாரம் ஒரே முகங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரியவர்கள், நீ வரவில்லையே என்று கவனிக்க நாலு பேர்.

சடங்கு விஷயம்

ஈமக் காரியங்களில் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் தனியாகக் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், பிள்ளையைத் தவிர எல்லாரிடமும் கேட்பார்கள். பிள்ளையிடமே கேளுங்கள். கேட்பதற்கு முன் அங்கே என்னென்ன நடக்கும், உடலைப் பார்க்க எப்படி இருக்கும், யார் யார் அழுவார்கள், பாதியில் வெளியே வர வேண்டுமென்றால் யார் கூட வருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், பிற்பாடு மனசு மாறினால் தனியாக ஒருநாள் கூட்டிப்போகலாம். வருகிறேன் என்றால் ஒரு நிஜமான வேலை கொடுங்கள், ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பது, இரண்டு வரி படிப்பது. "இனிமே நீதான் வீட்டுக்குப் பெரியவன்" என்ற வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். பதினாலு வயதில் அந்தப் பட்டத்தை வாங்கினவர்கள் பலர் அழுவதை அன்றோடு நிறுத்தினவர்கள்.

கும்பிடுவதையே நிறுத்திவிட்டால் விட்டுவிடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கூட வா என்று கூப்பிடலாம், வரவில்லை என்றால் முகத்தைத் தூக்கக் கூடாது, செத்தவர் பெயரைச் சொல்லி மிரட்டவே கூடாது. "அம்மா இருந்திருந்தா எவ்வளவு வேதனைப்படுவா" என்ற வரியால் அம்மாவும் போனாள், சாமியும் போனார் என்று ஆகிவிடும். நான் நாலு வருஷம் எந்தப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. என் அத்தை ஒருத்தர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், ஒவ்வொரு முறையும் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாகப் பிற்பாடுதான் தெரிந்தது. திரும்பி வந்தேனா என்றால் பாதி வந்தேன், இன்றைக்கும் அந்தப் பாதியில்தான் நிற்கிறேன். வராமலே இருப்பவர்களும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. திடீரென்று பக்தி தலைக்கேறும் பிள்ளை. வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், நான் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன். கும்பிட்டு எழுந்தால் முகம் தெளிகிறதா, தூங்குகிறதா, நண்பர்களோடு போகிறதா? அப்படியென்றால் நல்லது. கும்பிடாவிட்டால் அடுத்து அப்பாவும் செத்துவிடுவார் என்று பயந்து, ஒரு வரி தப்பினால் முதலிலிருந்து தொடங்கி, சாப்பிடாமல் தன்னை வருத்திக்கொள்கிறது என்றால் அது பக்தி இல்லை, பயம். அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாத ஒன்று

மறுவுலகம் பற்றிய பேச்சு ஆறுதல்தான், ஆனால் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. "அம்மா அங்கே சந்தோஷமா இருக்காங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்கு, அப்ப நானும் அங்கேயே போயிடலாமே என்று தோன்றலாம். நிறையப் பிள்ளைகளுக்கு அது வெறும் ஏக்கம், போய்ப் பார்க்கணும் போல இருக்கு என்கிற அளவு. சிலருக்கு அது திட்டம். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பது. "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, கேட்டதும் பெரும்பாலும் நிம்மதிதான் வருகிறது. ஆமாம் என்றால், குறிப்பாக எப்படி என்றும் சொன்னால், தனியாக விடாதீர்கள், மாத்திரை மருந்தெல்லாம் கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பிரார்த்தனையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்குப் பதிலாக வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் 15 முதல் 29 வயதுக்காரர்களின் சாவுக் காரணங்களில் தற்கொலை மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

இறந்தவரே தன் உயிரை மாய்த்துக்கொண்டவர் என்றால் இன்னும் கவனம். அவருக்கு நரகம்தான், ஆவியாக அலைவார் என்று யாராவது ஒருவர் பிள்ளை காதுபடப் பேசியே தீருவார். அவரைத் தனியாக அழைத்துப்போய் நிறுத்துங்கள், மரியாதை பார்க்காதீர்கள். அவர் கடும் மன வேதனையில் இருந்தார், அந்த வலியில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அது உன்னால் நடக்கவில்லை என்று பிள்ளையிடம் பலதடவை சொல்ல வேண்டியிருக்கும்.

மதப் பெரியவர் யாரிடமாவது அழைத்துப்போகலாமா? போகலாம், ஆனால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசிப்பாருங்கள். பிள்ளை சாமி மேல் கோபமாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சிரித்துக்கொண்டே "இருக்காதா பின்னே" என்பவரிடம் அனுப்புங்கள். பரிகாரம், சாபம், யாரோ வைத்த வினை என்று ஆரம்பிப்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பார்கள். துக்கம் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டமாக வரும் என்று எல்லாரும் சொல்வது, 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் சாகப்போகும் நோயாளிகளோடு பேசி எழுதியது, அதை வைத்துப் பிள்ளை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியாது. 1999-ல் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்னதுதான் எனக்குக் கண்கூடாகத் தெரிகிறது: துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே ஊஞ்சல் மாதிரி போய்ப்போய் வருகிறார், இரண்டு பக்கமும் தேவை. ஊஞ்சல் ஒரு பக்கமே நின்றுவிட்டால்தான் கவலை. ஆறு மாதத்துக்கு மேலாகியும் தினமும் அதே கூர்மையோடு ஏக்கம், பள்ளிக்கூடம் போக முடியவில்லை, யாரோடும் ஒட்டவில்லை என்றால் நிபுணரைப் பார்க்க வேண்டும். 2022-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு நீடித்த துக்கத்தைத் தனி நோயாகச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்றும் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் என்றும் வைத்திருக்கிறது.

அதற்காக ஆறு மாதத்தில் மறந்துவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. செத்தவரோடு பேசுவது, அவர் எண்ணுக்கு மெசேஜ் போடுவது, பரீட்சைக்கு முன் அவரிடம் ஆசி கேட்பது எல்லாம் சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. கும்பிடுகிற வீட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது, கும்பிடாத வீட்டில் ஒரு நோட்டோ ஒரு பெட்டியோ போதும்.

அப்புறம், இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஃபோன் காலண்டரைத் திறந்து மூன்று தேதிகளைப் போட்டுவையுங்கள்: இறந்த நாள், இறந்தவரின் பிறந்த நாள், அந்தப் பிள்ளையின் பிறந்த நாள். இரண்டாம் வருஷத்துக்கும் மூன்றாம் வருஷத்துக்கும் சேர்த்தே போடுங்கள், முதல் வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாளில் சாமி, சொர்க்கம் எதுவும் வேண்டாம். "இன்னிக்கு அம்மா பிறந்த நாள்னு ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் வரட்டுமா?" என்று ஒரு மெசேஜ். பதில் வரவில்லை என்றாலும் போய்விடுங்கள்.